புரோக்கர் இல்லாத வாடகைச் செயலி: பிளாக்செயினில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது?

கொருக்குப்பேட்டை நிரலர் · சனி, காலை 9:12

அனைவருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஆகிய பகுதிகளுக்கு மட்டும் ஒரு வாடகைச் செயலியை நண்பர்கள் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுக்காரரும் குடிவருபவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு நிறுவனம் உட்கார்ந்துகொண்டு இருவருடைய விவரங்களையும் சேர்த்து வைக்கக்கூடாது. இப்போதுள்ள தளங்களில் ஒரு வீட்டைப் பார்க்க எண்ணைக் கொடுத்தால் போதும், அன்று மாலையே பெயின்ட் அடிப்பவர், சாமான் ஏற்றும் லாரிக்காரர், வீட்டுக்கடன் விற்பவர் என்று வரிசையாக அழைப்பு வருகிறது.

எங்கள் திட்டம் இது. பதிவேடு முழுவதும் பிளாக்செயினில் இருக்கும்; அதாவது பல கணினிகளில் ஒரே நகலாக இருந்து, எழுதியதைத் திருத்தவோ அழிக்கவோ முடியாத ஏட்டில். சுருக்கமாகச் சங்கிலி. ஆதார் எண்ணை அப்படியே வைக்காமல் அதன் ஹேஷை (அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு வரும், கைரேகை போன்ற எழுத்துச் சரம்) மட்டும் வைப்போம். வாடகை ஒப்பந்தத்துக்கும் அப்படியே. அட்வான்ஸ் பணம் ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் (நிபந்தனை நிறைவேறினால் சங்கிலியில் தானே இயங்கும் நிரல்) பூட்டப்பட்டு, காலி செய்யும் நாளில் தானாகத் திரும்பும். வாடகையை ஒழுங்காகத் தந்தவருக்கு மதிப்பெண் உண்டு. அதுவும் சங்கிலியில் ஏறும். யாராலும் திருத்த முடியாது, யாருடைய பெயரும் வெளியே தெரியாது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம்.

மூலக்கடை தரகர் · காலை 9:50

தலைப்பிலேயே என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

லீஸ் வீடு உங்கள் செயலியில் வருமா? லீஸ் இல்லாமல் வடசென்னை இல்லை. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது. நகையை அடகு வைத்தும் சீட்டை எடுத்தும் புரட்டிய பணம் அது. மோசடி நடக்கும் விதம் தெரியுமா? ஒருவன் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டைப் பிடிப்பான். சாவி கைக்கு வந்ததும், உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், பவர் என்னிடம் இருக்கிறது என்று சொல்லி அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டுவிடுவான். லீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு, சில மாதம் உரிமையாளருக்கு வாடகையை நாள் தவறாமல் அனுப்பிவைப்பான். பிறகு கைப்பேசி அணைந்துவிடும். வாடகை வரவில்லையே என்று உரிமையாளர் வந்து கதவைத் தட்டினால், முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம் உள்ளே இருந்து லீஸ் பத்திரத்தை எடுத்துக் காட்டும். பதிவு செய்யாத பத்திரம், ஆகவே வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தாலும் வராது.

இதை உங்கள் சங்கிலி தடுக்குமா? பெயரே தெரியாது என்கிறீர்கள். பெயர் தெரியாத உரிமையாளரிடம் ஐந்து லட்சம் கொடுக்க யார் வருவார்?

மறையாக்கி · காலை 10:25

தரகர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆதார் ஹேஷை இன்றைக்கே தூக்கி எறியுங்கள்.

ஹேஷைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆக மொத்தமே 8,000 கோடி வாய்ப்புகள்தான். கணினி விளையாட்டுக்காக வாங்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று வினாடிக்குப் பல நூறு கோடி எஸ்எச்ஏ-256 வகை ஹேஷ்களைப் போட்டுத் தள்ளும். சாத்தியமான எல்லா எண்களுக்கும் ஹேஷ் போட்டு உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டால், ஒரு நிமிடத்துக்குள் எண் கையில் கிடைத்துவிடும். கைப்பேசி எண் இன்னும் மோசம். 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கம்; 400 கோடிதான். சாதாரண தரவுத்தளமாக இருந்தால் கசிந்த பிறகாவது அழிக்கலாம். நீங்கள் அழிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

அடுத்தது, பெயர் இல்லை என்பதாலேயே ஆள் தெரியாமல் போய்விடாது. 2009இல் பிட்காயின் தொடங்கிய நாளிலிருந்து அதன் ஏடு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. முகவரிகள், அதாவது பணக் கணக்குகள், மட்டும் பெயருக்குப் பதில் எண்களாக இருக்கின்றன. ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் ஓடும் எத்தீரியம் என்ற பிளாக்செயினும் அப்படித்தான். ஒரு மாத வாடகையை உங்கள் முகவரியிலிருந்து வாங்கிய வீட்டுக்காரர், அந்த முகவரியிலிருந்து வேறு யாருக்கு எப்போது எவ்வளவு போனது என்று உட்கார்ந்து பார்க்கலாம். ஒப்பந்தம் முடியும் தேதி பொதுவில் இருந்தால், எந்த வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதும் தெரியும். திருடனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

வண்ணை வாடகைதாரர் · காலை 11:05

மறையாக்கி சொல்லும் கணக்கு சரியாக இருக்கட்டும். ஆனால் என் ஆதாரைக் கசியவிட எந்தக் கிராஃபிக்ஸ் அட்டையும் தேவைப்படவில்லை.

வீடு பார்க்கப் போனால் முதல் நாளே ஆதார் நகல் கேட்பார்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கல்லாவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கடைக் கணினியின் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். நம் படத்தைத் தேடிக் கடைப்பையன் மேலும் கீழும் உருட்டும்போது, யாரோ ஒருவருடைய குடும்ப அட்டை, யாரோ ஒருவருடைய கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மருத்துவமனை ஸ்கேன் எல்லாம் ஓடும். அச்சடித்து முடித்த பிறகு எதையும் அழிப்பதில்லை. அங்கே முடிந்தால் பரவாயில்லை. வாங்கிய தரகர் அதைப் படம் எடுத்து, "தனியாக இருக்கும் பெண், நல்ல வேலை, வீடு வேண்டும்" என்று தம் குழுவில் போடுகிறார். அந்தக் குழுவிலிருந்து இன்னொரு குழு. என் அட்டையின் படம் என்னுடன் வேலை செய்பவருக்கே போய்ச் சேர்ந்து, "இது நீங்கள்தானே?" என்று அவர் கேட்டார்.

நிரலர் அவர்களே, இதை விட்டுவிட்டுச் சங்கிலியைப் பற்றிப் பேசுவது, ஓலைக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டுப் போடுவதுபோல் இருக்கிறது.

மதிப்பெண் விஷயம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மோட்டார் பழுது, தண்ணீர் ஏறவில்லை, சரிசெய்யும் வரை வாடகையைப் பிடித்து வைப்பேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் கோபத்தில் ஒரு மதிப்பெண் போடுவார். அது அழியவே அழியாது என்பதைச் சிறப்பம்சம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆயுள் தண்டனை.

பெரம்பூர் பென்ஷனர் · காலை 11:40

தம்பி, நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கீழே நானும் மனைவியும், மேலே இரண்டு போர்ஷன் வாடகைக்கு. என் வீட்டில் யார் தங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். 2012லேயே வாடகைக்கு வருபவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவு போட்டார். நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸ்காரர் என்னிடம்தான் வருவார். அவரிடம் போய் "ஐயா, என் மாடியில் ஒரு ஹேஷ் குடியிருந்தது" என்று சொல்ல முடியுமா?

எங்கள் பக்கக் கஷ்டத்தையும் கேளுங்கள். டு-லெட் பலகையில் எண்ணை எழுதி மாட்டினால், இங்கே வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிகிறது. ஒரு தளத்தில் வீட்டுப் படம் போட்டேன். வீடு விடப்பட்டுப் பல மாதம் ஆன பிறகும் கூடம், சமையலறை, பூஜை அறை எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. குடிவருபவர்களுக்கு மட்டும்தான் அந்தரங்கமா?

கொருக்குப்பேட்டை நிரலர் · மதியம் 12:20

சாட்டையடி என்றால் இதுதான். நன்றி.

மறையாக்கி, ஹேஷோடு ஒரு சீரற்ற ரகசிய எண்ணைச் சேர்த்துவிட்டால் 8,000 கோடிக் கணக்கு உடைந்துவிடும் அல்லவா? பொதுச் சங்கிலி வேண்டாம் என்றால், அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் தனிச் சங்கிலி வைக்கலாம். நான்கு கணினிகள் போதும்.

வண்ணை வாடகைதாரர் அவர்களுக்கு: ஜெராக்ஸ் கடையை என்னால் திருத்த முடியாது. ஆனால் செயலியில் ஆதார் நகல் கேட்கும் இடமே இல்லாமல் செய்ய முடியும்.

ஐயா, உங்களுக்கு முழு விவரமும் வரும். எப்போது வரும் என்பதுதான் பேச்சு.

மறையாக்கி · மதியம் 12:45

ரகசிய எண் சேர்த்தால் சரி. அதை யார் கையில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. குடிவருபவரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் நல்லது. அவர் அதை அழித்துவிட்டால், சங்கிலியில் கிடக்கும் ஹேஷ் யாருக்கும் பொருள் தராத எழுத்துக்குப்பை. அழிக்க முடியாத ஏட்டில் அழிப்பதற்கு இருக்கும் ஒரே வழி இதுதான்.

ஆனால் கைப்பேசி தொலைந்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களைக் கேளுங்கள். பத்திரமும் நனைந்தது, கைப்பேசியும் நனைந்தது. அந்த ரகசிய எண்தான் சாவி; அதை மீட்க வழி வைக்காமல் செயலி விடாதீர்கள். ஆதி ஷமீர் 1979இல் எழுதிய ரகசியப் பகிர்வு முறை இருக்கிறது. சாவியை மூன்று துண்டாக்கி மூன்று நம்பகமான ஆட்களிடம் கொடுத்து வைத்தால், எந்த இரண்டு சேர்ந்தாலும் மீட்கலாம். ஒரு துண்டை மட்டும் வைத்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு கணினிகளும் உங்கள் நண்பர்கள் வீட்டிலேயே இருந்தால் அதற்குப் பெயர் பிளாக்செயின் அல்ல, விலை கூடிய எக்செல். ஒருவருக்கொருவர் நம்பாத ஆட்களிடம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

இன்னொன்று. 2018 ஜனவரி கடைசியில் பீ டோக்கன் என்று ஒரு நிறுவனம், வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளம்போல் ஒன்றைப் பிளாக்செயினில் செய்கிறோம் என்று சொல்லிப் பணம் திரட்டியது. போலி மின்னஞ்சல் அனுப்பிய திருடர்கள் முதலீட்டாளர்களிடமிருந்து ஏறத்தாழ 10 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்)த் தட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலியை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் பட்டியல் போதுமானதாக இருந்தது.

ராயபுரம் வழக்கறிஞர் · பிற்பகல் 1:30

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 22-02-2019 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். உங்கள் சங்கிலியில் ஹேஷ் ஏறிவிட்டது என்பதால் பதிவு நடந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. அட்வான்சுக்கு அந்தச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அட்வான்சை ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் பூட்டுவது நடக்காது. ரூபாய் எத்தீரியத்தில் ஓடுவதில்லை. கிரிப்டோவாக மாற்றினால், 2022 ஏப்ரல் 1 முதல் அதன் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்தின்போது 1 விழுக்காடு பிடித்தம். தண்டையார்பேட்டையில் சிங்கிள் பெட்ரூம் எடுக்க வருபவரை இதற்குள் இழுத்துவிடாதீர்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். இன்ன தொகை, இன்ன தேதி, இன்ன நிபந்தனையில் பெறப்பட்டது என்று இருவரும் கையொப்பமிட்ட ரசீதின் ஹேஷை மட்டும் ஏற்றுங்கள். பிற்பாடு "ரசீதைத் திருத்திவிட்டார்" என்ற வழக்கு வராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் மக்களுக்கு உரிமை உண்டு. மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தப் பொறுப்பு செயலி நடத்தும் உங்கள் தலையில்தான் விழும். தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; கணினியில் ஏறாத காகிதத்துக்கும் பொருந்தாது. ஆகவே வீட்டுக்காரர் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஜெராக்சுக்கு அந்தச் சட்டத்தில் மருந்து இல்லை. சகோதரி சொன்ன வேதனை சட்டத்தின் இடுக்கில் சரியாக விழுந்திருக்கிறது.

முகமூடி ஆதார் என்று ஒன்று இருக்கிறது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம். 2022 மே மாதம் அந்த ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், முழு நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், முகமூடி ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரிக்கை விட்டது. அறிவிப்பைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு போய்விட்டது, வசதி இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

மண்ணடி வாசி · பிற்பகல் 3:05

இவ்வளவு நேரமும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பெயர்தான் சிக்கல்.

"வீடு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும். பெயரைச் சொன்ன பிறகு, "நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்" என்று வரும். சௌகார்பேட்டைப் பக்கம் "சைவம் மட்டும்" என்று பலகையிலேயே எழுதிவிடுவார்கள், அது நேர்மை. மற்ற இடங்களில் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று இழுப்பார்கள். காசிமேட்டு முகவரி என்றாலே மீன் வாடை என்று சொல்லி மறுப்பவர்களும் உண்டு.

உங்கள் செயலியில் பெயரை மறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி எண் போகிறதா? அந்த எண்ணை யுபிஐ செயலியில் போட்டால், பணம் அனுப்பாமலேயே வங்கிக் கணக்கிலுள்ள பெயர் திரையில் வந்துவிடும். என்னைப் பலர் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். எண்ணை மறைக்காமல் பெயரை மறைப்பதில் பயன் இல்லை. வாடகைக் காரில் ஓட்டுநருக்கு நம் எண் தெரியாமல் ஓர் இடைநிலை எண் வழியாக அழைப்பு போகிறதே, அதைச் செய்யுங்கள். அதற்குப் பிளாக்செயின் வேண்டாம்.

பெரம்பூர் பென்ஷனர் · மாலை 4:10

மண்ணடித் தம்பி சொல்வதைப் படித்துக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயரை மறைத்து நேரில் வரவைத்தால், வேண்டாம் என்பவர் வாசலில் வைத்து வேண்டாம் என்று சொல்வார். பஸ் பிடித்து, அரை நாள் சம்பளத்தை விட்டு வந்தவருக்கு அது இன்னும் அவமானம் இல்லையா?

மண்ணடி வாசி · மாலை 4:35

ஐயா, நியாயமான கேள்வி. அவமானம்தான். இருந்தாலும் நான் நேரில் வருவதையே விரும்புவேன். முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகு மனம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் யாரும் மாறியதில்லை.

வண்ணை வாடகைதாரர் · மாலை 5:00

இதில் நான் மண்ணடி வாசியோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். யார் என்றே தெரியாத ஒருவருடைய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்க நான் தயாராக இல்லை. எனக்கு வீட்டுக்காரர் பெயர் முன்கூட்டியே தெரிய வேண்டும், அது சரிபார்த்த பெயராகவும் இருக்க வேண்டும். என்னைப் பற்றி அவருக்குக் குறைவாகத் தெரிந்தால் போதும். இருதரப்புக்கும் ஒரே அளவு மறைப்பு என்பது காகிதத்தில்தான் நியாயம். லட்சக்கணக்கில் பணம் வாங்கப்போகிறவரும் சாவி வைத்திருப்பவரும் அவர்தானே?

மூலக்கடை தரகர் · மாலை 5:25

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. லீஸ்?

மறையாக்கி · மாலை 6:40

வந்துவிட்டேன். உண்மையில் பிளாக்செயினுக்கு இந்தத் திட்டத்தில் வேலை இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

உரிமையாளரை ஒருமுறை நேரில் சரிபார்க்கிறீர்கள். பத்திரம், சொத்துவரி ரசீது, வில்லங்கச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகு அவர் கைப்பேசியில் ஒரு டிஜிட்டல் சாவி, அதாவது அவர் மட்டும் கையொப்பமிடப் பயன்படும் ரகசிய எண், உருவாகிறது. லீசோ வாடகையோ, அந்தச் சாவியால் கையொப்பம் இட்டால்தான் ஒப்பந்தம் ஏறும். வாடகைக்கு வந்து உரிமையாளராக நடிப்பவனிடம் வீட்டுச் சாவி இருக்கும், இந்தச் சாவி இருக்காது. பணம் கொடுக்கப் போகிறவர், எதிரில் நிற்பவரின் கைப்பேசியிலுள்ள கியூஆர் குறியைத் தம் கைப்பேசியில் படித்தால், "இந்த வீட்டின் உரிமையாளர் இவர்தான்; நடப்பில் வேறு ஒப்பந்தம் இல்லை" என்ற இரண்டு விடைகள் மட்டும் வரும். முந்தைய குடித்தனக்காரர் யார், எவ்வளவு கொடுத்தார் என்று எதுவும் வராது. விடையை மட்டும் காட்டி மற்றதைக் காட்டாமல் இருக்கும் கணிதம், கோல்ட்வாசர், மிகாலி, ராக்கோஃப் மூவரும் 1985இல் முன்வைத்த பூஜ்ஜிய அறிவுச் சான்று. 2016இல் வந்த ஸீகேஷ் நாணயம் அதை நடைமுறையிலேயே ஓட்டிக் காட்டியது.

போலிப் பத்திரத்தோடு வந்து அதே வீட்டை இரண்டாவது முறை பதிவு செய்பவனையும் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வீட்டுக்கு ஒரே அடையாளம்தான் வர வேண்டும், ஆனால் அதிலிருந்து முகவரியைக் கண்டுபிடிக்க முடியக்கூடாது. சொத்துவரி எண்ணை வெறுமனே ஹேஷ் செய்தால் ஆதாரின் கதைதான். ஆகவே அடையாளத்தைக் கணக்கிடும் ரகசியச் சாவியைச் சரிபார்ப்பவர்கள் மூவரிடம் பிரித்து வையுங்கள். இருவர் சேர்ந்தால்தான் கணக்கு நடக்கும்.

மூலக்கடை தரகர் · மாலை 7:05

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. சுவரில் இரண்டும் இருக்கும், சில சமயம் மூன்றாவதும் இருக்கும். ஒரே சொத்துவரி ரசீதில் ஆறு குடித்தனம். ஒரே மின் இணைப்பு. உள்ளே ஆறு சப்-மீட்டர். அப்பா பெயரில் பத்திரம், அப்பா போய்ப் பத்து வருடம், நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு போர்ஷனின் வாடகையை வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்றால் கொருக்குப்பேட்டையில் பாதி வீடு உங்கள் செயலிக்குள் நுழையாது.

ராயபுரம் வழக்கறிஞர் · மாலை 7:30

தரகர் சொல்வது நடப்பு. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இருந்தால் ஏற்கலாம். போர்ஷனுக்கு அடையாளம் வரி எண்ணில் இல்லை என்றால், சரிபார்ப்பவர் நேரில் போய் "மாடி, இடது பக்கம், பின் கட்டு" என்று ஒரு குறிப்பைச் சேர்க்கட்டும். கணினியால் ஆகாத வேலை இது, தெருவைத் தெரிந்தவர் வேண்டும்.

இன்னொரு செய்தி. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையே "நம்பிக்கை இணையம்" என்ற பெயரில் பிளாக்செயின் கட்டமைப்பை வைத்திருக்கிறது. அரசுச் சான்றிதழ்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள "இ-பெட்டகம்" செயலியும் இருக்கிறது. வருங்காலத்தில் அவற்றோடு இணைக்கலாம் என்று தோன்றும். இணைத்தால் ஒரு சான்றிதழ் கேட்ட இடத்தில் பெட்டகத்தையே திறக்கச் சொல்லும் வீட்டுக்காரர் வருவார். வருமானச் சான்றிதழுக்கு அடுத்த வரியில் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. எதைக் காட்டுவது என்பது காட்டுபவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

பெரம்பூர் பென்ஷனர் · இரவு 8:15

வருமானச் சான்றிதழ் என்றதும் ஒன்று. துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், ஆட்டோ ஓட்டுபவர், மீன் ஏலத்தில் நிற்பவர், இவர்களிடம் சம்பளச் சீட்டு ஏது? எனக்கு வேண்டியது வாடகை வருமா என்பதுதான். பழைய வீட்டுக்காரர் "இவர் பாக்கி வைக்காமல் காலி செய்தார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எனக்குப் போதும்.

வண்ணை வாடகைதாரர் · இரவு 8:30

அந்த ஒரு வரி எனக்கும் சம்மதம், ஐயா. அது என் கைப்பேசியில் இருக்க வேண்டும், நான் விரும்பினால் காட்டுவேன். சங்கிலியில் மதிப்பெண்ணாகத் தொங்கக்கூடாது. கெட்ட வார்த்தை எழுத இடமே இருக்கக்கூடாது. பாக்கி இருந்தால் சான்று கிடைக்காது, அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை நிரலர் · ஞாயிறு, காலை 7:50

இரவெல்லாம் உட்கார்ந்து வரைபடத்தை மாற்றினேன். சங்கிலியில் இனி இரண்டே இரண்டு செய்திகள்: ஒன்று, வீட்டின் அடையாளத்தோடு உரிமையாளரின் பொதுச் சாவி (அவர் கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும் எண்); இரண்டு, இருவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது ஆகியவற்றின் ரகசிய எண் சேர்த்த ஹேஷ். ஒப்பந்தம் முடியும் தேதி பொதுவில் வராது. மதிப்பெண் கிடையாது. பழைய வீட்டுக்காரரின் ஒரு வரிச் சான்று குடிவருபவரின் கைப்பேசியில் மட்டும்.

அழைப்புகள் இடைநிலை எண் வழியாகப் போகும். இது ஒரு நடுநிறுவனச் சேவைதான், அதற்காக வெட்கப்படவில்லை. வீட்டைப் பார்க்கும் வரை வரைபடத்தில் தெரு மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் புள்ளி வைத்தால் சராசரி போட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், புள்ளியை ஒருமுறை நகர்த்தி அங்கேயே நிறுத்திவிடுவோம். படங்களில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் தகவலைப் பதிவேற்றும்போதே நீக்குவோம். வீடு விடப்பட்டதும் படங்கள் போய்விடும்; பூஜை அறையும்தான், ஐயா.

வீட்டைப் பார்க்கும் நாள் உறுதியானதும் வீட்டுக்காரரின் சரிபார்த்த பெயர் குடிவருபவருக்குத் தெரியும். குடிவருபவரின் பெயர் ஒப்பந்தம் எழுதும்போதுதான் வீட்டுக்காரருக்குப் போகும். காவல் நிலையப் படிவமும் அப்போதுதான். இதில் பென்ஷனர் ஐயாவுக்குச் சம்மதம் இருக்காது என்று தெரியும். மாற்றப் போவதில்லை.

சரிபார்ப்பவர்கள் மூவர் வேண்டும். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்களாக இருந்தால் நல்லது.

பெரம்பூர் பென்ஷனர் · காலை 8:40

சம்மதம் இல்லைதான். ஆனாலும் எங்கள் தெருவரை நான் சரிபார்க்கிறேன். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து வடக்கே வாடகை ஏறிக்கொண்டே போகிறது, வீடு தேடி அலைபவர்கள் இந்தப் பக்கமும் வருகிறார்கள். வேலை நிறைய இருக்கும்.

மூலக்கடை தரகர் · காலை 9:10

என்னையும் போடுங்கள். எந்தப் போர்ஷன் யாருடையது என்று எனக்குத் தெரிந்த அளவு உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தெரியாது. வீட்டுக்கு இவ்வளவு என்று சரிபார்ப்புக் கூலி வேண்டும். ஒரு மாத வாடகை கமிஷன் கேட்க மாட்டேன்.

வண்ணை வாடகைதாரர் · காலை 9:25

ஒரு நிபந்தனை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் ஆதார் படங்களை முதலில் அழியுங்கள்.

மூலக்கடை தரகர் · காலை 10:05

அழித்துப் பார்த்தேன். பழைய செய்திகளுக்கு "எல்லோருக்கும் அழி" வரவில்லை. என் கைப்பேசியில் மட்டும்தான் போகிறது.

மறையாக்கி · காலை 10:12

இரண்டு நாளுக்கு மேல் ஆனால் வராது. குழுவைக் கலைத்துவிடுங்கள். கலைப்பதற்கு முன், அவரவர் கைப்பேசியிலிருந்தும் படங்களை அழிக்கச் சொல்லி ஒரு செய்தி போடுங்கள். யார் அழிப்பார், யார் அழிக்கமாட்டார் என்பதை நம்மால் சரிபார்க்க முடியாது.

மூலக்கடை தரகர் · காலை 11:30

செய்தி போட்டேன், சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள், சிலர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கலைத்துவிட்டேன். புதுக் குழுவில் அடையாள அட்டை போட்டால் நீக்கிவிடுவேன் என்று முதல் செய்தியாக எழுதியிருக்கிறேன். நிரலரே, கூலியைப் பற்றி நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.